பதினாலாம் நாள் எல்லோருக்கும் ஒன்றல்ல

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியரான நம் உறுப்பினர் ஒருவர் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

கொழுந்து நல்லா வர்ற நேரத்துல ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்கீங்க. அதனால சுத்தி வளைக்காம நேரா விஷயத்துக்கு வர்றேன்.

நம்ம குழுக்கள்ல கடன் கேட்டு மனு எழுதும்போது, என்ன காரணம் என்ற இடத்தில் சிலர் ‘மருத்துவச் செலவு’ என்று மட்டும் எழுதுவார்கள். என்ன மருத்துவம்னு கேட்டா பதில் வராது, தலை குனிஞ்சுக்கும். கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம், மூணு வருஷம் ஆகியிருக்கும். ‘ஏதாவது விசேஷம் உண்டா?’ன்னு பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரம்மா வரைக்கும் கேட்டிருப்பாங்க. பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு இவளைக் கூப்பிட்டிருக்க மாட்டாங்க. கோயமுத்தூருக்கு ஏழெட்டுத் தடவை போய் வந்திருப்பா. கையில ஒரு பை நிறைய ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கும். ஆனா ‘உனக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை தூரம் வருது?’ன்னு கேட்டா, ‘மாசா மாசம் வருதுக்கா’ம்பா. அவ்வளவுதான் தெரியும்.

டாக்டர்கிட்ட போறது தப்புன்னு நான் சொல்ல வரலை. போக வேண்டிய இடத்துக்குப் போகத்தான் வேணும், அதைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னால வீட்டிலேயே, ஒரு நோட்டும் பேனாவும் வெச்சுக்கிட்டு நாமே கண்டுபிடிக்கக்கூடிய ஒண்ணு இருக்கு. கருமுட்டை வெளியே வர்ற நாள். ‘முட்டை வெடிக்கிற நாள்’னு ஆஸ்பத்திரியில சொல்றாங்களே, அது.

முதல்ல இதைக் கேளுங்க. சினைப்பையிலிருந்து மாசம் ஒரு முட்டை வெளியே வருது. அது உயிரோட இருக்கிறது 12 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம்தான். ஆணோட விந்தணு நம்ம உடம்புக்குள்ள 5 நாள் வரைக்கும் உயிரோட இருக்கும். அப்போ முட்டை வர்றதுக்கு முந்தின 5 நாளும், முட்டை வந்த அந்த நாளும் சேர்த்து மொத்தம் 6 நாள். ஒரு சுற்றுல கரு உண்டாகக்கூடிய நாள் அவ்வளவுதான். இதை 1995-ல் அமெரிக்காவுல வில்காக்ஸ் என்கிற ஆராய்ச்சியாளரும் அவர் கூட இருந்தவங்களும் உறுதிப்படுத்தினாங்க. குழந்தைக்கு முயற்சி பண்ணிக்கிட்டிருந்த 221 பெண்கள் தினமும் சிறுநீரைச் சேகரிச்சுக் கொடுத்து, தாம்பத்யம் இருந்த நாளையும் எழுதி வெச்சாங்க. கருத்தரிச்ச எல்லாருக்குமே அது அந்த 6 நாளுக்குள்ளதான் நடந்திருந்தது. முட்டை வந்ததுக்கு மறுநாள் சேர்ந்தவங்களுக்கு ஒண்ணும் நிக்கலை. இதை மனசுல நல்லா வெச்சுக்கோங்க: முன்னால் இருக்கணும், பின்னால் இல்லை.

அந்த 6 நாள் எது? இங்கதான் எல்லாரும் ‘பதினாலாம் நாள்’னு ஒரே குரல்ல சொல்லுவாங்க. பள்ளிக்கூடப் புத்தகத்துல படம் போட்டிருக்கும். பொண்ணுங்க போன்ல வெச்சிருக்கிற ஆப்பும் முதல்ல அந்தக் கணக்கைத்தான் போடும். அந்தப் பதினாலு எங்கிருந்து வந்துச்சுன்னா, 1920-களில் ஜப்பானில் ஒகினோ என்கிற டாக்டரும் ஆஸ்திரியாவில் க்னாஸ் என்கிற டாக்டரும் தனித்தனியா ஆராய்ச்சி பண்ணி ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்தாங்க. முட்டை வெளியே வர்றது, அடுத்த தூரம் வர்றதுக்குச் சுமார் 2 வாரத்துக்கு முன்னாலன்னு. கவனிங்க, அடுத்த தூரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுற கணக்கு அது! நாம அதைத் தலைகீழா மாத்தி, போன தூரத்திலிருந்து முன்னோக்கி எண்ண ஆரம்பிச்சுட்டோம். 28 நாளைக்கு ஒரு தடவை தவறாம வர்றவங்களுக்கு எந்தப் பக்கம் எண்ணினாலும் ஒண்ணுதான். 35 நாளைக்கு ஒரு தடவை வர்றவளுக்கு? அவளுக்கு முட்டை வர்றது 21-ஆம் நாள் வாக்கில. 25 நாளைக்கு ஒரு தடவை வர்றவளுக்கு 11-ஆம் நாள் வாக்கில. அந்த 2 வாரம்கிறதும் கூட ரெண்டு மூணு நாள் முன்னப் பின்ன ஆகும்.

அதே வில்காக்ஸ் குழு 2000-இல் இன்னொண்ணு சொன்னாங்க. புத்தகத்துல போட்டிருக்கிற 10-ஆம் நாளிலிருந்து 17-ஆம் நாள் வரைக்குமான கணக்குக்குள்ள தங்களோட 6 நாளும் முழுசா அடங்கினது 100-க்கு 30 பெண்களுக்குத்தான். மீதிப் பேருக்கு முன்னாலயோ பின்னாலயோ தள்ளிப் போயிருக்கு.

நமக்கு இது புதுசே இல்லை. கொழுந்து காலண்டரைப் பார்த்தா வருது? மழை நல்லா பிடிச்சா அதே துண்டு பத்து நாள்ல மறுபடியும் பறிப்புக்கு வந்துடும். ஜனவரி பனியில கருகிப் போச்சுன்னா எத்தனை வாரம் காத்துக்கிடக்கிறோம்? செடியைப் பார்த்துத்தானே ரவுண்டு போடுறோம்.

இன்னொரு குழப்பம். இதை நான் வேலையில இருந்த காலம் முழுக்கப் பார்த்திருக்கேன். ‘முதல் நாள்’னா எது? ரத்தம் நல்லாப் பட ஆரம்பிச்ச நாள்தான் முதல் நாள். நம்மில் பாதிப் பேர் தலைக்குக் குளிச்ச நாளிலிருந்து எண்ணுறோம். மூணாம் நாள் குளிக்கிற வீடும் இருக்கு, அஞ்சாம் நாள் குளிக்கிற வீடும் இருக்கு. டாக்டர் ஒண்ணு கேட்க, நாம வேற ஒண்ணு சொல்ல, கணக்கு 4 நாள் தள்ளிப் போயிடும். இருக்கிறதே 6 நாள், அதுல 4 நாள் போனா என்ன மிச்சம்?

ஒரு தங்கச்சியைப் பத்திச் சொல்றேன். பேர், ஊர் வேண்டாம். கல்யாணமாகி நாலு வருஷம். வீட்டுக்காரர் திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை. பதினாலாம் நாள்னு யாரோ சொல்லிக் கொடுத்ததை வெச்சு, மாசா மாசம் அவர் சரியா 13, 14-ஆம் நாள் லீவு போட்டு மலை ஏறி வருவார், பஸ்ஸுக்குக் காசு செலவழிச்சு. ரெண்டு நாள் இருந்துட்டு இறங்கிடுவார். நாலு வருஷம்! மாமியார் இன்னொரு கல்யாணப் பேச்சு வரைக்கும் போயாச்சு. அவளுக்குத் தூரம் வர்றது 35, 36 நாளைக்கு ஒரு தடவை. மூணு மாசம் நோட்டு போடச் சொன்னேன். மூணு மாசமும் ஒரே மாதிரி, 17-ஆம் நாள் ஈரம் ஆரம்பிச்சு 21, 22-ல முடியுது. அவர் இறங்கிப் போன பிறகுதான் இவளுக்கு நாளே ஆரம்பிக்குது. அப்புறம் அவ போன் பண்ணினா வர்ற மாதிரி அவர் சூப்பர்வைசர்கிட்ட பேசி வெச்சுக்கிட்டார். மாமியார் பக்கத்துல இருந்தா எப்படிச் சொல்றது? ‘கொழுந்து வந்துடுச்சு’ம்பாளாம். அவர் பஸ் ஏறிடுவார். நாலாவது மாசம் நின்னுச்சு.

எல்லாருக்கும் இப்படி முடியும்னு நான் சொல்ல மாட்டேன். இது எப்படி வேலை செய்யுதுன்னு புரியத்தான் சொன்னேன்.

சரி, ‘ஈரம்’னு சொன்னேனே, அது என்ன? மூணு அடையாளம் இருக்கு. அதுல முதலாவது, காசு செலவில்லாதது, எனக்கு ரொம்ப நம்பிக்கையானது, வெள்ளை. வெள்ளைப்படுதல்னாலே வியாதின்னு நினைச்சுப் பயப்படுறோம். எல்லா வெள்ளையும் வியாதி இல்லை. தூரம் முடிஞ்சதும் சில நாள் வறண்டு இருக்கும். அப்புறம் கொஞ்சம் பிசுபிசுன்னு, பசை மாதிரி வரும். முட்டை வர்ற நாள் நெருங்க நெருங்க அது தண்ணியா, தெளிவா, வழுவழுன்னு மாறும். பச்சை முட்டையோட வெள்ளைக்கரு இருக்கு பாருங்க, அப்படியே. ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சுப் பிரிச்சா அறுபடாம ஜவ்வா இழுபடும். நடக்கும்போதே ஈரமா, வழுக்கலா தெரியும். விந்தணு உள்ளே ஏறிப் போகவும் உயிரோட இருக்கவும் உடம்பு போட்டுக் கொடுக்கிற பாதை அது. முட்டை வந்து முடிஞ்சதும் ஒரே நாள்ல கெட்டியாயிடும், இல்லேன்னா வறண்டுடும். அந்த வழுவழுப்பு கடைசியா இருந்த நாளை ஒட்டித்தான், ஒரு நாள் ரெண்டு நாள் முன்னப் பின்ன, முட்டை வெளியே வருது.

பார்க்கிறதுக்கு உள்ளே விரல் விட வேண்டியதில்லை. ஒவ்வொரு தடவை பாத்ரூம் போகும்போதும் கழுவுறதுக்கு முன்னால தொட்டுப் பாருங்க, போதும். நாள் முழுக்கப் பார்த்ததுல எது ரொம்ப ஈரமோ அதை ராத்திரி எழுதுங்க. முதல் நாள் ராத்திரி கணவரோட இருந்திருந்தா மறுநாள் காலையில வர்றதைக் கணக்குல எடுக்க வேண்டாம், குழப்பும். அரிப்பு, நாத்தம், தயிர் மாதிரி கட்டி, பச்சை மஞ்சள் நிறம் இதெல்லாம் இருந்தா அது வேற, அது நோய்த்தொற்று. ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டி மாத்திரை வாங்கணும்.

‘படிச்சவங்களுக்குத்தான் இதெல்லாம் சரிப்படும்’னு ஒரு அக்கா இப்பவே முணுமுணுக்கிறாங்க. அக்கா, இந்த முறையை ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன்ல ஜான் பில்லிங்ஸ் என்கிற டாக்டர் 1953-ல் ஆராய ஆரம்பிச்சார். அவர் மனைவி ஈவ்லினும் டாக்டர், பிற்பாடு அவங்களும் சேர்ந்தாங்க. கர்ப்பத்தைத் தள்ளிப்போடத்தான் அவங்க அதைச் சொல்லிக் கொடுத்தாங்க. ஆனா அடையாளம் ஒண்ணுதானே. அதே நாள்ல விலகி இருந்தா தள்ளிப்போகும், சேர்ந்து இருந்தா உண்டாகும். உலக சுகாதார நிறுவனம் 1970-களில் இதை அஞ்சு ஊர்ல சோதிச்சுப் பார்த்தது. அதுல ஒண்ணு நம்ம பக்கத்து பெங்களூரு. இன்னொண்ணு எல் சால்வடார் நாட்டுல ஒரு ஊர், அங்கே சேர்ந்தவங்கள்ல எழுதப் படிக்கத் தெரியாதவங்க நிறையப் பேர். மொத்தம் 869 பெண்கள். சொல்லிக் கொடுத்த முதல் சுற்றிலேயே 100-க்கு 90 பேருக்கும் மேல தங்களோட வெள்ளையை அடையாளம் கண்டு சரியாக் குறிச்சுட்டாங்க. அப்புறம் நம்ம இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே கர்நாடகா, பாண்டிச்சேரி உட்பட அஞ்சு இடத்துல 2,000 பேருக்கும் மேல வெச்சுப் பார்த்து 1996-ல் வெளியிட்டாங்க. எழுதத் தெரியாதவங்களுக்கு கலர் ஸ்டிக்கர் ஒட்டுற வழக்கமும் இந்த முறையில இருக்கு. நம்ம நோட்டுல ரத்தம் பட்ட நாளுக்குச் சிவப்புப் பொட்டு, வறண்ட நாளுக்கு ஒரு கோடு, பசையா இருந்தா ஒரு சுழி, வழுவழுன்னு இருந்தா ரெண்டு சுழி வெச்சா போதும். பச்சைக் கொழுந்தை விரல்ல தொட்டே இளசா முத்தலான்னு சொல்ற கைக்கு இது என்ன பெரிய விஷயம்?

ரெண்டாவது, உடம்புச் சூடு. முட்டை வெளியே வந்த பிறகு சுரக்கிற ஒரு ஹார்மோனால உடம்போட சூடு கொஞ்சம் ஏறும். கொஞ்சம்னா ஃபாரன்ஹீட்ல அரை டிகிரி வாக்கில. முன்னால 97.3, 97.4-ன்னு இருந்தது, 97.9, 98-ன்னு ஏறி அடுத்த தூரம் வரைக்கும் அங்கேயே நிக்கும். கடைசி 6 நாளையும் விட மேல, தொடர்ந்து மூணு நாள் நின்னா முட்டை வந்தாச்சுன்னு எடுத்துக்கலாம்.

ஆனா இதை எடுக்கிறதுல நம்ம ஊர்ல தனிக் கஷ்டம் இருக்கு. கண் முழிச்சதும், படுக்கையை விட்டு எழுந்திருக்காம, பேசாம, ஒரு வாய் காபி குடிக்காம எடுக்கணும். நாம எழுந்து, வெளியில இருக்கிற கக்கூசுக்குப் பனியில போய் வந்து, அடுப்புப் பத்தவெச்ச பிறகு எடுத்தா அந்த எண் உதவாது. தெர்மாமீட்டரைத் தலையணைக்கு அடியிலேயே வெச்சுக்கோங்க. ராத்திரியே எடுத்து வெச்சுக்கிட்டா காலையில குளிர்ல எழுந்து தேட வேண்டாம். நாக்குக்கு அடியில வெச்சு, வாயை மூடி, தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்துல. குறைஞ்சது மூணு மணி நேரம் தொடர்ந்து தூங்கியிருக்கணும். ராத்திரி கரடி வந்துச்சு, காட்டெருமை வந்துச்சுன்னு ஊரே முழிச்சிருந்தா அன்னிக்குப் பக்கத்துல ‘தூங்கலை’ன்னு எழுதிடுங்க. காய்ச்சல், சளி இருந்தாலும் எழுதுங்க. டிஜிட்டல் தெர்மாமீட்டர் நல்லது. புள்ளிக்குப் பின்னால ரெண்டு எண் காட்டுறது கிடைச்சா இன்னும் நல்லது.

இதுல நிறையப் பேர் தடுமாறுற இடம் ஒண்ணு இருக்கு. சூடு ஏறினதும் ‘இன்னிக்குத்தான் நாள்’னு நினைக்கிறாங்க. இல்லை. சூடு ஏறிடுச்சுன்னா முட்டை வந்து போயாச்சு, அந்த மாசக் கதவு மூடியாச்சு. பின்ன எதுக்கு இதை எடுக்கிறதுன்னா, முட்டை வருதா இல்லையான்னே தெரிஞ்சுக்கத்தான். வெள்ளை முன்கூட்டிச் சொல்லும், சூடு பின்னால வந்து ஆமாம்னு சொல்லும். தூரம் மட்டும் மாசா மாசம் வந்தும் முட்டை வராத சுற்று உண்டு. மூணு மாசம் சூடே ஏறலைன்னா அந்த நோட்டை எடுத்துக்கிட்டு டாக்டரைப் பார்க்கணும். அப்படி ஒரு அக்காவோட நோட்டுல மூணு மாசமும் சூடு ஏறவே இல்லை. பரிசோதனை பண்ணினப்போ தைராய்டு. மாத்திரையிலேயே சரியாயிடுச்சு. நேர்மாறா, ஏறின சூடு 18 நாளுக்கு மேல இறங்காம நிக்குது, தூரமும் வரலைன்னா, கர்ப்பப் பரிசோதனை பண்ணிப் பாருங்க. நல்ல சேதியா இருக்கலாம்.

மூணாவது, கடையில விக்கிற கிட். ‘ஐ-நோ’ மாதிரி பேர்ல மெடிக்கல்ல கிடைக்குது. ‘ஐ-கேன்’ வேற, அது கர்ப்பம் பார்க்கிறது, மாத்தி வாங்கிடாதீங்க. முட்டை வெளியே வர்றதுக்குச் சுமார் 24 மணியிலிருந்து 36 மணி நேரத்துக்கு முன்னால எல்.ஹெச். என்கிற ஹார்மோன் திடீர்னு ஏறும், இந்தப் பட்டை சிறுநீர்ல அதைப் பிடிச்சுக் காட்டுது. கர்ப்பக் கிட்டுல லேசா ரெண்டாவது கோடு தெரிஞ்சாலும் ‘இருக்கு’ன்னு அர்த்தம். இதுல அப்படி இல்லை, ரெண்டாவது கோடு முதல் கோடு அளவுக்கு, இல்லை அதைவிட அழுத்தமா இருந்தாத்தான் கணக்கு. காலையில முதல்ல போற சிறுநீர் இதுக்கு அவசியமில்லை. பறிப்பு முடிச்சு எடை போட்டு வீட்டுக்கு வந்ததும் சாயந்திரம் பாருங்க. அதுக்கு முன்னால ரெண்டு மணி நேரம் தண்ணி, டீ நிறையக் குடிக்காதீங்க. தினமும் அதே நேரம்.

இது விலை. ஒரு டப்பாவுல அஞ்சு பட்டைதான் வரும். கண்டபடி ஆரம்பிச்சா நாள் வர்றதுக்கு முன்னாலயே தீர்ந்துடும். சுற்று நாள்ல 17-ஐக் கழிச்சு அந்த நாள்ல ஆரம்பிக்கணும். 28 நாள் சுற்றுன்னா 11-ஆம் நாள், 35-ன்னா 18-ஆம் நாள். சுற்று ஒழுங்கா இல்லாதவங்க வெள்ளை ஈரமாக ஆரம்பிச்ச அன்னிக்குப் பட்டையை எடுங்க, காசு மிச்சம். நீர்க்கட்டி இருக்குன்னு சொன்னவங்க இந்தக் கிட்டை மட்டும் நம்ப வேண்டாம். அவங்களுக்கு அந்த ஹார்மோன் சும்மாவே கூடுதலா இருக்கக்கூடும், முட்டை வராமலேயே கோடு அழுத்தமாத் தெரியும்.

என்னைக் கேட்டா, முதல் மூணு மாசம் வெள்ளையும் சூடும் மட்டும் எழுதுங்க. கிட் அப்புறம் பார்த்துக்கலாம்.

நாள் தெரிஞ்ச பிறகு என்ன பண்றது? வழுவழுப்பு ஆரம்பிச்ச நாளிலிருந்து அது முடியிற வரைக்கும் தினமும், இல்லை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்து இருந்தா போதும். ‘சத்தைச் சேமிச்சு வெக்கணும்’னு பத்து நாள் விலகி இருந்துட்டு ஒரே நாளுக்குக் காத்திருக்கிறது பிரயோஜனமில்லாதது. அப்புறம் காலைத் தூக்கி வெச்சுக்கிட்டு மணிக்கணக்காப் படுத்திருக்கவும் வேண்டாம்.

சொல்றது சுலபம், ஒரே ரூம் இருக்கிற லைன் வீட்டுல, மாமனார் மாமியார் நாத்தனார் எல்லாம் பக்கத்துல படுத்திருக்கும்போது எப்படின்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. இதுக்கு என்கிட்ட மாத்திரை இல்லை. ஆனா ஒரு பெரிய மனுஷி இருக்கிற வீட்டுல அவங்ககிட்ட சொல்லி வெச்சா காரியம் நடக்கும். ஒரு மாமியார் அந்த ரெண்டு நாளும் மகள் வீட்டுக்குப் போயிடுவாங்களாம், பேரன் வேணும்னா நான்தானே இடம் கொடுக்கணும்னு. அப்படிப்பட்ட மாமியாரும் நம்ம ஊர்ல இருக்காங்க! ஆடி மாசம் பொண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்புறது, மாலை போட்டு 48 நாள் விரதம், இதெல்லாம் அவரவர் நம்பிக்கை. அந்தச் சுற்று கணக்குல வராதுன்னு மட்டும் தெரிஞ்சுக்கோங்க. சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்பாங்க. இருங்க, வேண்டாங்கலை. வேளாங்கண்ணிக்கும் போங்க. நோட்டையும் எழுதுங்க.

கணவர்கிட்ட ‘இன்னிக்கு 19-ஆம் நாள், வாங்க’ன்னு கங்காணி ஆள் கணக்குக் கூப்பிடுற மாதிரி கூப்பிடாதீங்க. ஆம்பளைங்களுக்கும் அது பாரம்தான். நோட்டுல எழுதுறதை அவருக்கும் காட்டுங்க. சில வீட்டுல சூட்டைப் பார்த்து எழுதுறதே அவர்தான்.

இப்ப, இந்த நோட்டு சொல்லாதது எது? அது பெண்ணோட முட்டை நாளைத்தான் சொல்லும். கருக்குழாய் அடைச்சிருக்கான்னு சொல்லாது. ஆணைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாது. குழந்தை தங்காத தம்பதிகள்ல ஏறக்குறைய பாதியில ஆண் பக்கமும் காரணம் இருக்கு, தனியாவோ, பெண் பக்கத்தோட சேர்ந்தோ. ஆனா ஸ்கேன், ஊசி, மாத்திரை எல்லாம் இவளுக்கு, அவருக்கு ஒரு பரிசோதனைகூட இல்லாம வருஷக்கணக்காப் போற வீடுகளைப் பார்த்திருக்கேன். இதுல எனக்கு ரொம்பக் கோபம். விந்துப் பரிசோதனையில ஊசி கிடையாது, வலி கிடையாது, செலவும் மத்ததைவிடக் குறைவு. ரெண்டு நாளுக்குக் குறையாம, ஏழு நாளுக்கு மேல போகாம விலகி இருந்துட்டு சாம்பிள் கொடுக்கணும், அவ்வளவுதான். ஒருத்தி ஆறு மாசம் அழகா நோட்டு போட்டா, வெள்ளை சரி, சூடு சரி, நாள் தவறலை. அவர் பரிசோதனைக்குப் போக இன்னும் ஆறு மாசம் ஆச்சு, ‘எனக்கு என்ன குறை’ன்னு. போனார், எண்ணிக்கை குறைவா இருந்தது. அப்புறம்தான் சரியான வைத்தியம் ஆரம்பிச்சது. பீடி சிகரெட்டும் டாஸ்மாக் பழக்கமும் விந்தணுவைக் கெடுக்கும்னு வீட்டுல சொல்லுங்க. நான் சொன்னதாகவே சொல்லுங்க.

‘மலடி’ங்கிற வார்த்தையை நம்ம குழுக் கூட்டங்கள்ல யாரும் வாயால எடுக்கக் கூடாது. இதைத் தீர்மானமாகவே மினிட் புத்தகத்துல எழுதச் சொல்லி தலைவியைக் கேட்டுக்கிறேன்.

நோட்டு போடுற அந்த மூணு மாசத்துல செஞ்சுக்க வேண்டிய சில காரியங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரை இப்பவே ஆரம்பிங்க, கர்ப்பம் நின்ன பிறகு இல்லை. ரத்த அளவு பாருங்க. இருளர், குறும்பர், பணியர், மற்ற பழங்குடி சகோதரிகள் ஒண்ணு கூடுதலாச் செய்யணும்: அரிவாள் செல் ரத்தசோகைப் பரிசோதனை, கணவன் மனைவி ரெண்டு பேருக்கும். இந்த ரத்தக் குறை இந்தியாவில் முதல்ல கண்டுபிடிக்கப்பட்டதே நம்ம நீலகிரிப் பழங்குடி மக்கள்கிட்டதான், 1952-ல். ரெண்டு பேருமே அதைச் சுமக்கிறவங்களா இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு நோய் வர. முன்கூட்டியே தெரிஞ்சா டாக்டர்கிட்ட பேசி முடிவெடுக்கலாம்.

எத்தனை மாசம் இப்படியே பார்க்கிறது? எல்லாம் சரியா இருக்கிற இளம் தம்பதிக்கே ஒரு மாசத்துல உண்டாகிற வாய்ப்பு நாலுல, அஞ்சுல ஒண்ணுதான். அதனால முதல் மாசம், ரெண்டாம் மாசம் நிக்கலைன்னு அழ வேண்டாம். 35 வயசுக்குக் கீழே இருக்கிறவங்க ஒரு வருஷம் முயற்சி பண்ணலாம். 35 தாண்டினவங்க ஆறு மாசம், அதுக்கு மேல காத்திருக்காதீங்க. ஆனா சிலர் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது: தூரம் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை வர்றவங்க, தூரத்தப்போ எழுந்திருக்க முடியாத வலி இருக்கிறவங்க, அடிவயித்துல ஆபரேஷன் பண்ணினவங்க, தனக்கோ வீட்டிலயோ காசநோய் இருந்தவங்க. காசநோய் நெஞ்சுல மட்டும் வர்றதில்லை, கருக்குழாயிலயும் வந்து சத்தமில்லாம அடைச்சுடும். இருமலே இருக்காது.

நோட்டைப் பத்தி ஒரு எச்சரிக்கை. குழந்தை இப்போ வேண்டாம்னு இருக்கிறவங்க நான் இன்னிக்குச் சொன்னதை வெச்சுக்கிட்டு ‘பாதுகாப்பான நாள்’னு கணக்குப் போடாதீங்க. அதுக்குப் பயிற்சி வேணும், வேற நல்ல வழிகளும் இருக்கு, நர்ஸம்மாகிட்ட கேளுங்க.

கோத்தகிரி அரசு மருத்துவமனைக்கோ, ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகும்போது நோட்டைக் கையில கொண்டுபோங்க. ஸ்கேன் ரிப்போர்ட் பையில அடியில போட்டுடாதீங்க, மேல வையுங்க. உட்கார்ந்ததும், ‘டாக்டரம்மா, எனக்கு இத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது, இத்தனாம் நாள் வழுவழுப்பு வருது, சூடு ஏறுது, இல்லை ஏறலை, இத்தனை மாசமா சரியான நாள்ல முயற்சி பண்றோம்’னு நாலு வரி சொல்லுங்க. அப்புறம் ‘அவருக்கும் பரிசோதனை எழுதிக் கொடுங்க’ன்னு நீங்களே கேளுங்க. அவரையும் கூடவே கூட்டிக்கிட்டுப் போங்க, வெளியே டீக்கடையில நிக்க விடாதீங்க.

மாதிரிப் பக்கம் ஒண்ணு ஜெராக்ஸ் எடுத்து வாசல் மேசையில வெச்சிருக்கேன். மேல தேதி, அதுக்குக் கீழே சுற்றுல எத்தனாவது நாள், அதுக்குக் கீழே பொட்டு, கோடு, சுழி, அதுக்குக் கீழே சூடு. கேள்வி இருக்கிறவங்க, எல்லார் முன்னாலயும் கேட்கக் கூச்சமா இருந்தா, சாப்பாட்டு நேரத்துல தனியா வாங்க. பின்னால மாமரத்தடியில உட்கார்ந்திருப்பேன்.